பெட்டி பிரிக்காத குழாய்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களே. குளிரடித்தால் அந்தப் போர்வையை ஆளுக்குப் பாதியாக இழுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு கார் கதை. காரா என்று எழுந்து போய்விடாதீர்கள், அதற்குள் ஒரு கல்யாணப் பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

எங்கள் சில்யான் ஏரிக்கரையில் ஹில்லெவியைத் தெரியாதவர்கள் கிடையாது. பஸ் டிப்போவில் மெக்கானிக். அவளும் அவள் கணவன் ரூனேயும் சேர்ந்து அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய காரைக் கப்பலில் வரவழைத்தார்கள். அறுபத்தாறாம் வருஷத்து போன்டியாக். மூன்று கார்புரேட்டர், நான்கு கியர். அந்த மாதிரி ஐரோப்பா முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். வந்து இறங்கியபோது தரைத் தகடு துருவேறி, உள்ளே உட்கார்ந்தால் கீழே ரோடு தெரிந்தது. பல குளிர்காலங்கள் இருவரும் ஷெட்டே கதியென்று கிடந்தார்கள். வெளியே பனி ஜன்னல் வரை ஏறி நிற்கும். உள்ளே வெல்டிங் பொறி பறக்கும். கடைசியில் கரும்பச்சை நிறத்தில், ஏரித் தண்ணீர் மாதிரி பளபளவென்று எழுந்து நின்றது வண்டி.

ஹில்லெவிக்கு ஒரு பிடிவாதம். தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ, அப்படியே இருக்க வேண்டும். ஒரு போல்ட் கூட மாறக்கூடாது. ஜூலையில் நடக்கும் கார் கூட்டத்தில் நடுவர்கள் டார்ச்சோடு மல்லாந்து படுத்து, அடியில் உள்ள ஒவ்வொரு பாகத்திலும் தொழிற்சாலை முத்திரை பார்ப்பார்கள். அவர்கள் எழுந்து ஒரு குறையும் சொல்லாமல் தொப்பியைத் தொட வேண்டும் என்பது அவள் கனவு.

அந்த வண்டியில் ஒரு சங்கதி உண்டு. நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே தொட்டியிலிருந்துதான் போகும். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. முன்சக்கரத்துக்குப் போகும் ரப்பர்க் குழாய் ஒன்று மட்டும் அவளுக்குக் கிடைக்காமலே இருந்தது. ரெட்விக் சந்தையில் ஒருவன் ஜமுக்காளம் விரித்து வைத்திருந்த சாமான்களுக்கு நடுவே அதைப் பார்த்துவிட்டாள். பெட்டி பிரிக்காதது. அறுபத்தாறாம் வருஷ முத்திரை வெள்ளை எழுத்தில் அப்படியே இருந்தது. குழந்தையைத் தூக்கி வருவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

ரூனே அதைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தான்.

"ஹில்லெவி, இந்த ரப்பருக்கு என்னைவிட ஒரு வயசு கூட. என் முட்டி படுற பாட்ட நீதான் பாக்கறியே. புது ஹோஸ் வாங்கிப் போட்டுடலாம்."

"இது புதுசுதான். யாரும் தொடவே இல்ல."

"என்னையும்தான் முப்பது வயசு வரைக்கும் யாரும் தொடல."

"அதான் உனக்கு இப்பவும் ஓட்டம் சரியில்ல," என்று சொல்லி, அதைப் பிடுங்கிக்கொண்டு போய் இடது முன்சக்கரத்தில் அவளே மாட்டினாள்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மகள் தூவாவுக்குக் கல்யாணம். அப்பா வண்டியை ஓட்ட, மகள் பக்கத்தில் உட்கார்ந்து தேவாலயம் போக வேண்டும். தலையில், கல்யாணப் பெண்களுக்கென்று தேவாலயம் இரவல் தரும் வெள்ளிக் கிரீடம்.

"போன எடுத்துட்டுப் போறேம்மா," என்றாள் தூவா.

"இந்த வண்டிக்குள்ள போன் கூடாது. அறுபத்தாறுல ஏது போன்? ரூனே, உன்னோடதையும் வெச்சிட்டுப் போ."

"உங்கம்மா என்னையும் எறக்கி விட்டுடுவா, நான் அறுபத்தேழு மாடல்," என்றான் ரூனே.

இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். ஊரார் பார்க்க ஏரியைச் சுற்றி ஒரு வட்டம், பிறகு மேட்டு உச்சி, அங்கிருந்து தேவாலயத்துக்கு இறக்கம். ஹில்லெவி உடை மாற்றி, பக்கத்து வீட்டு ஆல்கோட்டோடு நேர்வழியில் வருவதாக ஏற்பாடு. ஆல்கோட்டிடம் இருந்தது பழைய காரின் பின்பாதியை வெட்டி மரத்தட்டு வைத்த ஈபா வண்டி. விறகு ஏற்றுவதற்கு. சட்டப்படி மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. மெதுவான வண்டி என்று காட்டப் பின்னால் சிவப்பு முக்கோணம் தொங்கும். ஊரிலேயே வேகமான வண்டியும் மெதுவான வண்டியும் தன் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று தூவாதான் கேட்டிருந்தாள்.

ஹில்லெவி உடை மாற்றிக்கொண்டு ஷெட் கதவைச் சாத்தப் போனாள். போன்டியாக் நின்ற இடத்தில் சுத்தமான அட்டை ஒன்று விரித்திருப்பாள், ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் தெரிய வேண்டும் என்று. அன்றைக்கு இடது முன்சக்கரம் நின்ற இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஈரம்.

குனிந்து தொட்டாள். விரலில் வழுக்கியது. மோந்து பார்த்தாள். பிரேக் எண்ணெய்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். தேவாலயத்துக்குள் எவன் போனை எடுப்பான்? அடித்து அடித்து ஓய்ந்தது.

"ஆல்கோட்! வண்டிய எடு!"

"என்ன அவசரம், முப்பதுலதான் போகும்—"

"பிரேக் எண்ணெய் ஒழுகுது. அவங்க எறக்கத்துல எறங்கப் போறாங்க. அந்த சுவிட்ச போடு!"

"எந்த சுவிட்ச்?"

"வேகக் கட்டுப்பாட்ட எடுக்கறதுக்குத் திருட்டுத்தனமா சீட்டுக்கு அடியில வெச்சிருக்கியே, ஊருக்கே தெரியும். போடுடா!"

ஹில்லெவி பக்கத்தில் தாவி ஏற, ஆல்கோட் எஞ்சினைக் கிளப்பினான். சீட்டுக்கு அடியில் கைவிட்டான். கட்டிப்போட்டிருந்தது அவிழ்ந்ததுபோல் ஈபா துள்ளிப் பாய்ந்தது. அலங்காரத்துக்குக் கட்டிய பிர்ச் கிளைகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. பின்தட்டில் விறகுக் கட்டைகள் உருண்டன.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் ஒரு வழக்கம். மேட்டு உச்சியில் பிடில்காரர்கள் காத்திருப்பார்கள். பெண் வந்ததும் அவர்கள் முன்னால் வாசித்துக்கொண்டு நடக்க, பின்னால் பெண்ணின் வண்டி ஊர்ந்து வரும். அந்தப் போன்டியாக் எஞ்சினுக்கோ ஆள் நடக்கிற வேகத்தில் போகத் தெரியாது. கிளட்சை மிதித்துக்கொண்டு, முழுக்க முழுக்கப் பிரேக்கிலேயே பிடித்துத்தான் இறக்க வேண்டும். இறக்கம் முழுக்க அந்தக் கிழட்டு ரப்பரை மிதித்துக்கொண்டே வர வேண்டும்.

உச்சிக்கு வந்தபோது அவர்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். முன்னால் பிடில்கள், பின்னால் பச்சை வண்டி. அதன் பின்விளக்குகள் சீராகச் சிவந்து எரிந்தன.

"எரியுது பாரு. பிரேக் புடிக்குது, ஒண்ணும் ஆகல," என்றான் ஆல்கோட்.

அவன் வாய் மூடுவதற்குள் விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது. மறுபடி படபடவென்று.

பார்க்கிறவர்களுக்கு ரூனே குஷியில் விளக்கடிப்பதுபோல் இருந்திருக்கும். ஹில்லெவிக்கு மட்டும் தெரியும். பெடல் தரையைத் தொட்டுவிட்டது. அவன் காலால் குத்திக் குத்திப் பார்க்கிறான். கைபிரேக்குக்கு அந்த வண்டி அடங்காது. சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். கிளட்சை விட்டாலோ எஞ்சின் முன்னால் தள்ளும். வலப்பக்கம் ஆளுயரப் பள்ளம். முன்னால் மனிதர்கள்.

"ரூனே!" என்று கத்தினாள். பிடில் சத்தத்தில் யார் காதில் விழும்? வண்டிக்கும் கடைசி பிடில்காரருக்கும் நடுவே இருந்த இடைவெளி கண்முன்னே சுருங்கியது.

"ஆல்கோட், புல்லு மேல ஏறிப் போ. அவனுக்கு முன்னாடி போய் நில்லு."

"முன்னாடியா? அந்த மூக்குக்கு முன்னாடியா? போன வாரம் அது மேல மூச்சு விடாதேன்னு என்னைத் திட்டினியே!"

"இடிக்கட்டும்."

"ஹில்லெவி, ஒன்பது குளிர்காலம்—"

"இடிக்கட்டுங்கறேன்! உள்ள என் பொண்ணு இருக்கா!"

ஈபா இடப்பக்கப் புல்லில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறியது. பச்சை வண்டியை உரசாத குறையாகத் தாண்டும்போது ஹில்லெவி மகளின் முகத்தைப் பார்த்தாள். தூவா இரண்டு கையாலும் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரூனேயின் முகத்தில் இரத்தமே இல்லை. ஆல்கோட் ஸ்டியரிங்கை ஒடித்து ரோட்டுக்குள் நுழைந்து பிரேக்கை மிதித்தான். பின்னால் பச்சை வண்டி வந்து மோத, கண்ணாடியும் தகடும் நொறுங்கும் சத்தம். ஹில்லெவி முன்னால் தூக்கியெறியப்பட்டு டேஷ்போர்டைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வண்டியும் ஒட்டிக்கொண்டு சரளைக்கல்லில் வழுக்கின, வழுக்கின... ஒரு குலுக்கலோடு நின்றன.

கடைசி பிடில்காரருக்குக் காது மந்தம். அவர் மட்டும் இன்னும் வாசித்துக்கொண்டு போனார்.

ஆல்கோட் குதித்துப்போய்ச் சக்கரங்களுக்கு விறகுக் கட்டைகளை முட்டுக்கொடுத்தான். ஹில்லெவி ஓடி வந்து கதவைத் திறந்தாள். தூவா வெளியே வந்து அம்மாவை இறுக்கக் கட்டிக்கொண்டாள். வெள்ளைக் கவுனின் தோளில் எண்ணெய்க் கை பதிந்தது.

"கல்யாணத்துக்கு இடிச்சுத்தான் பரிசு குடுப்பியாம்மா?" என்றாள் தூவா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

ரூனே முன்சக்கரத்துக்குக் கீழே படுத்துப் பார்த்தான். உப்பி, வாய் பிளந்து கிடந்தது குழாய். அப்புறம் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டான்.

"முத்திரை நல்லாத்தான் இருக்கு," என்றான்.

ஹில்லெவி அவன் மார்பில் ஒரு குத்து விட்டாள். பிறகு அங்கேயே தலையைச் சாய்த்துக்கொண்டு விம்மினாள்.

தேவாலயத்துக்குத் தூவா ஈபாவின் மரத்தட்டில் நின்றபடிதான் போனாள், முப்பது கூட இல்லாமல், பிடில்களின் பின்னால். மரத்தட்டின் விளிம்பில் போன்டியாக்கின் வெள்ளி நிறப் பட்டை ஒன்று மாட்டிக்கொண்டு வெயிலில் மினுங்கியது. அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள்.

அந்த ஜூலையில் கார் கூட்டத்துக்குப் போன்டியாக் போகவில்லை. இப்போது அதில் நான்கு சக்கரத்துக்கும் புதுக் குழாய், முத்திரையே இல்லாதது. கையுறைப் பெட்டிக்குள் ஒரு போன். நொறுங்கிய மூக்கை எப்போது சரிசெய்யலாம் என்று ரூனே கேட்டால், "வர்ற குளிர்காலம் பாக்கலாம்" என்கிறாள் ஹில்லெவி. கேட்டுக் கேட்டு இரண்டு குளிர்காலம் போய்விட்டது.

சரி, என் செல்லங்களே, போர்வையை மடித்து வையுங்கள். உங்கள் வீட்டு வண்டி நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கட்டும். வெளியே போன பிள்ளைகள் சிரித்த முகமாகப் படியேறட்டும். உங்கள் அடுப்பும் விளக்கும் அணையாமல் எரியட்டும்.