தனசேகரன் ஓரமாக நகர்த்தியவை

போட்டோக்காரர் தனசேகரன் ஓரமாக நகர்த்தச் சொன்ன எதுவும் தானாகத் திரும்பி வந்ததில்லை. இன்று ஆரணியில் இது எல்லோருக்கும் தெரியும். அன்று திருட்டு என்றே நினைத்தார்கள். முதலில் போனது போளூர்ப் பக்கத்து விவசாயி துரைக்கண்ணுவின் டிராக்டர். அது நின்றால் ஏழை மாதிரித் தெரியாது என்றார் தனசேகரன். மரியாதைப்பட்ட மனுஷன், துரைக்கண்ணு ஓரமாக விட்டார். வெடித்த நிலத்தில் அவர் தலையில் கைவைத்துக் குந்தியிருக்கும் படம் டெல்லியில் பரிசு வாங்கியது. டிராக்டரின் சக்கரத்தடம் வரப்பருகே பாதியில் முடிந்திருந்தது. போலீஸ் வந்து பார்த்து, மோர் குடித்துவிட்டுப் போனது.

அதற்கு முன் தனசேகரன் கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பிழைத்தவர். இல்லாத வீட்டில் பக்கத்து வீட்டு ஃபேனையும் பிளாஸ்டிக் பூவையும் கொண்டுவந்து வைத்து எடுப்பார். அதில் ஒரு மரியாதையாவது இருந்தது. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும். பரிசு வாங்கிய பிறகு செருப்பைக் கழற்றச் சொன்னார், மூக்குத்தியை எடுக்கச் சொன்னார், ஒரு தெருப் பிள்ளைகளிடம் பல்லைக் காட்டாதீர்கள் என்றார். அந்தத் தெருவில் அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. தூ! ஆறின புண்ணைக் கீறிச் சீழ் காட்டிச் சம்பாதிப்பதும் ஒரு பிழைப்பா?

பட்டுத்தறி நெய்கிற பரிமளாவின் வீட்டுக்கு அவர் வந்த காலையில், மகள் சிவசங்கரி யூனிபார்மும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, செய்யார் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள். தறிக்குப் பக்கத்தில் அவள் சம்பளத்தில் வாங்கின புது ஃபிரிட்ஜ், உள்ளே முந்தின நாள் அரைத்த மாவு. தனசேகரன் முகம் சுளித்தார்.

"யக்கா, ஃபிரிட்ஜத் தள்ளுங்க. பாப்பா, நீயும் ஓரமா நில்லும்மா. பளிச்சுனு கீற, படம் கெட்டுரும்."

அம்மாவும் மகளும் சேர்ந்தே தள்ளினார்கள். சிவசங்கரி அதன் பக்கத்திலேயே நின்றாள். படம் எடுத்து முடிந்து பரிமளா திரும்பியபோது அங்கே சுவர் மட்டும் இருந்தது.

கம்பெனி சிவசங்கரியின் பெயரை நீக்கியது. எவனோடோ ஓடிவிட்டாள் என்று எதிர்வீட்டுச் சாவித்திரி தெருவெல்லாம் சொன்னாள். பரிமளா தனசேகரனைத் தேடிப் போய்ப் பொண்ணு எங்கே என்று கேட்டதற்கு, "படத்துல இல்லாததுக்கு நான் பொறுப்பில்லீங்க" என்றார். தறிமுன் பரிமளா ஒண்டியாக உட்கார்ந்திருக்கும் அந்தப் படம் வெளிநாட்டுப் பரிசு வாங்கியது. இந்தப் பெண்ணின் தனிமை என்னைத் தூங்கவிடவில்லை என்று மேடையில் குரல் தழுதழுத்தார். தூங்கித் தூங்கித்தான் கன்னம் உப்பியிருந்தது. கேட்டவர்களுக்குக் குமட்டவில்லை, கைதட்டினார்கள்.

மகள் காணாமல் போன நாலாம் வருஷம் சென்னையில் கண்காட்சி வைத்து, பரிமளாவையும் அழைத்துப்போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது அவள் காதில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் விழுந்தது. படச்சட்டத்தின் இடது ஓரத்தில் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள். சடை அகப்பட்டது. இழுத்தாள். சிவசங்கரி வந்தாள், பின்னாலேயே ஃபிரிட்ஜும் வந்தது. பெண்ணுக்கு ஒரு நாள் வயசுகூட ஏறியிருக்கவில்லை.

"எடுத்து முடிச்சிட்டாராம்மா? பஸ் வந்துகினு இருக்கும்."

பரிமளா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். தனசேகரன் ஓடிவந்து கேமராவைத் தூக்கினார்.

"யக்கா, அப்படியே அழுங்க, நிறுத்தாதீங்க!"

பரிமளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இரு தம்பி. நீ நிக்கிற எடம் சரியில்ல. கொஞ்சம் ஓரமா நில்லு."

நல்ல படம் கிடைக்கும் என்று அவரும் நகர்ந்தார். அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கண்காட்சிச் சுவரில் காதை வைத்தால் கேமரா சொடுக்கும் சத்தம் கேட்கிறது என்கிறார்கள். அடுத்த வருஷப் பரிசும் அவருக்கே வந்தது. காலி நாற்காலிக்குச் சால்வை போர்த்தினார்கள். துரைக்கண்ணு விஷயம் கேள்விப்பட்டுப் பஸ் ஏறிப் போய்த் தன் படத்தின் ஓரத்திலிருந்து டிராக்டரை இழுத்து ஓட்டிக்கொண்டு வந்தார்.

ஃபிரிட்ஜில் இருந்த மாவு புளிக்கவில்லை. ஊர் திரும்பிய மறுநாள் காலை பரிமளா அதில்தான் இட்லி ஊற்றினாள். சாவித்திரிக்கும் நாலு இட்லியைச் சிவசங்கரி கையிலேயே கொடுத்தனுப்பினாள். அவளும் வாங்கிச் சாப்பிட்டாள்.