வெட்ட மறந்த இரண்டு வினாடி

எங்கள் படத்தில் ஒரு விண்கலம், ஆறு பேர். அதில் ஒருவர் மனிதரில்லை. யாரென்று கடைசிவரை தெரியக்கூடாது, பார்ப்பவர் பக்கத்து சீட்டுக்காரரையே சந்தேகப்பட வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. தயாரிப்பாளரின் ஆசை இன்னும் எளிமையானது. ரத்தம்.

"அந்தக் குடலுக்கு ரெண்டு வாரம் ரப்பர் காய்ச்சினோம்ப்பா. பத்து செகண்ட்தான் காட்டுவியா?" என்றார் என்னிடம். நான் எடிட்டர். குடலை நான்கு நிமிடமாக்கினேன். இயக்குநர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, அதனால் வேலை வேகமாக நடந்தது.

வெளியீட்டுக்கு முன் நாற்பது பேரை உட்காரவைத்துப் படத்தைப் போட்டோம். எடுபடாவிட்டால் மிச்ச எடிட்டிங்கைத் தன் மச்சினன் பார்த்துக்கொள்வான் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். மச்சினனும் வந்திருந்தார். என் நாற்காலி சுழலுமா என்று அக்கறையாக விசாரித்தார். மூன்று வருட உழைப்பு.

குடல் வந்தது. முதல் நிமிடம் முகம் சுளித்தார்கள். இரண்டாவதில் சிரித்தார்கள். மூன்றாவதில் செல்போனை எடுத்தார்கள். நான்காவது நிமிடத்தை ரசித்தவர் தயாரிப்பாளர் ஒருவரே.

அடுத்து, பிணத்தின் மேல் விழுந்து விண்கலத்தின் டாக்டரம்மா அழும் காட்சி. தேம்பித் தேம்பி அழுதவர் சட்டென்று நிறுத்தினார். துளி வருத்தமில்லாத முகத்தோடு திரும்பி எங்களைப் பார்த்தார். இரண்டே வினாடி.

அரங்கில் செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. எனக்கு முன்னால் இருந்த பெண், கணவரின் பிடியிலிருந்து தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

எனக்கோ வியர்த்துக் கொட்டியது. அது 'கட்' சொன்ன பிறகு மிஞ்சிய துண்டு. வெட்ட மறந்துவிட்டேன். நடிகை பார்த்தது சாப்பாடு வந்துவிட்டதா என்று.

விளக்கு எரிந்ததும் தயாரிப்பாளர் துள்ளினார். "அந்தப் பார்வை! யாரு யோசிச்சது?"

"நான்தான் சார். ஆறு மாசமா மனசுல இருந்துச்சு," என்றார் இயக்குநர், கண் இமைக்காமல். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மச்சினன் எங்கள் இருவரையும் பார்த்தார். எங்கள் படம் எதைப் பற்றியது என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது.

"ஆமா சார், அண்ணன் அப்பவே சொன்னாரு," என்றேன்.

"பிரமாதம்! அதையே இருபது இடத்துல போடு. ஒவ்வொரு தடவையும் அந்தம்மா கண்ணுலேர்ந்து ரத்தம் ஊத்தணும்."

என் வேலை தப்பியது. மூன்று வருடத்தில் அந்தப் படத்தில் பயமுறுத்திய ஒரே இடம் அது. திங்கட்கிழமை காலை, சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து, நானே அதைச் சாகடித்தேன், இருபது முறை.