இடுப்பைச் சுற்றிய துணி

சாயிரா பானுவுக்குத் தன் மகளைத் தூக்கப் பயமாக இருந்தது. ஐந்து மாதக் குழந்தையின் தாய் வாய்விட்டுச் சொல்லக்கூடிய செய்தியன்று அது. ஆகவே அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன், தெம்பனிஸ் வட்டாரத்து அடுக்குமாடி வீட்டின் குளியலறையில், ஹனீனைத் தொட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது இடுப்பு கைவிட்டது. வலி பிறகுதான் வந்தது. முதலில் தெரிந்தது, உடம்பின் நடுவில் எதுவுமே இல்லாதது போன்ற ஒரு வெறுமை. முழங்கால்கள் தரையில் மோதின. குழந்தையின் தலை ஈரத் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. ஹனீன் அதை விளையாட்டென்று எண்ணிச் சிரித்தாள். கணவன் அர்ஃபான் அப்போது கடைக்குப் போயிருந்தான். அவன் திரும்பிவந்தபோது, "கொஞ்சம் இடுப்பு வலி" என்று மட்டும் சொன்னாள்.

எலும்பில் பழுதில்லை, வயிற்றின் உள்தசைகள்தாம் தளர்ந்திருக்கின்றன, பயிற்சி வேண்டும் என்றார் மருத்துவர். பயிற்சிக்குப் பொறுமை இல்லாத சாயிரா தனக்குத் தெரிந்த வைத்தியத்தை நாடினாள். பிரசவத்துக்குப் பின் உடம்பு பிடித்துவிட வந்த மலாய் அம்மாள், மார்புக்குக் கீழிருந்து இடுப்புவரை சுற்றிச்சுற்றி முடிச்சுப் போட்டுவிட்ட பெங்குங் துணி அலமாரியில் இருந்தது. நாற்பத்து நான்கு நாள் கட்டினால் போதும் என்று அவர் சொல்லியிருந்தார். அதை மீண்டும் எடுத்து, முன்னைவிட இறுக்கமாக, இரவும் பகலும் சட்டைக்குள் கட்டிக்கொண்டாள்.

அப்படியும் நின்றபடி குழந்தையை வாங்க அவளுக்குத் துணிவு வரவில்லை. நாற்காலியில் அமர்ந்து கையை நீட்டுவாள். அர்ஃபான் கொண்டுவந்து மடியில் வைப்பான்.

"மகாராணி உக்காந்துட்டாங்க லா. இளவரசி, வாங்க போவோம்" என்று கேலி செய்வான். அவளும் சிரித்துவைப்பாள்.

குழந்தைக்காக அவன் எடுத்திருந்த விடுப்பு ஞாயிறோடு முடிகிறது. திங்கள் முதல், காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை, வீட்டில் அவளும் ஹனீனும் மட்டுமே இருப்பார்கள். அந்த அச்சமே அவளை மருத்துவர் சொன்ன பயிற்சியின் பக்கம் தள்ளியது.

சனிக்கிழமை காலை லிட்டில் இந்தியாவுக்கு வந்தார்கள். டன்லப் வீதியில், பழைய கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் பெண்களுக்கான யோகா வகுப்பு நடந்தது. அர்ஃபான் குழந்தையோடு தேக்கா சந்தைப் பக்கம் போனான். செங்குத்தான மரப்படிகளைச் சாயிரா சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

ஆசிரியை ஆனிக்கு நாற்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுபவர்.

"'கோர்'னு உடம்போட நடுப்பகுதியச் சொல்றோமே, அது சிக்ஸ்பேக் இல்ல. அது வெளிய தெரியிறது. நான் சொல்றது உள்ள இருக்கு. வயித்தச் சுத்தி ஒரு தசை, மேல மூச்சுத் தசை, கீழ இடுப்புக்கு அடியில ஒண்ணு, பின்னாடி முதுகெலும்ப ஒட்டிச் சின்னச் சின்னதா கொஞ்சம். இதெல்லாம் ஒண்ணா வேலை செஞ்சாத்தான் முதுகு பத்திரமா இருக்கும்."

"என் வயித்துல இருக்கறது எல்லாமே பரோட்டாதான் மிஸ்" என்றார் முதல் வரிசையிலிருந்த அன்னம்மா.

"பரோட்டாவும் இருக்கட்டும் ஆன்ட்டி. அதுக்குப் பின்னாடி தசை இருக்கு, தேடுவோம்."

மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் உயர்த்திப் படகாசனத்துக்குத் தயாராகச் சொன்னார். சாயிரா மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினாள். கட்டியிருந்த துணி மேல்நோக்கி நகர்ந்தது. அதற்குக் கீழே, தொப்புளை ஒட்டி, வயிற்றின் நடுக்கோட்டில் ஏதோ கூரை முகடு போலப் புடைத்தெழுந்தது. சட்டையின் மேலாக அதைத் தொட்டாள். தன் உடம்பில் தனக்குத் தெரியாமல் இன்னொன்று வளர்ந்திருப்பதாகத் தோன்றியது. குடல்தான் வெளியே வருகிறதோ என்று அஞ்சினாள்.

ஆனி பக்கத்தில் வந்து மண்டியிட்டார். "தலையக் கீழ வைங்க. மெதுவா. இந்த ஆசனம் உங்களுக்கு இப்ப வேணாம்."

வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போகும்வரை சாயிரா எழவில்லை. ஆனி கதவைச் சாத்திவிட்டு, அவளைத் துணியை அவிழ்க்கச் சொன்னார். அவிழ அவிழ அது நீண்டுகொண்டே போனது.

"எத்தன நாளா கட்டுறீங்க?"

"மறுபடி ஆரம்பிச்சு மூணு வாரம்."

"பிள்ள பொறந்த புதுசுல கட்டுறது சரி. இப்ப இவ்வளவு இறுக்கினா மூச்சு எங்க போகும்? நீங்க தூக்கறப்பவும் மூச்சப் பிடிக்கிறீங்க. அழுத்தம் பூரா நடுவுல தள்ளுது. வயித்துத் தசை ரெண்டு பக்கமா விலகியிருக்கு. குடல் இல்ல, பயப்படாதீங்க. நெறைய அம்மாக்களுக்கு இருக்கறதுதான். பிசியோகிட்டயும் ஒருதடவ காட்டுங்க."

பிறகு மூச்சை விடச் சொன்னார். விட்டு முடியும் தறுவாயில் அடிவயிற்றை மெல்ல உள்ளிழுக்கச் சொன்னார். முதல் நான்கு முறை ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் முறை, இடுப்பெலும்புக்கு உட்புறம் வைத்திருந்த விரல்களின் கீழே ஏதோ மிக மெலிதாக இறுகியது. சாயிரா மூச்சை நிறுத்திவிட்டாள்.

"நிறுத்தாதீங்க. அதேதான்."

படியில் குழந்தையின் அழுகையோடு அர்ஃபானின் செருமல் கேட்டது. சாயிரா முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தாள். ஆனி கதவைத் திறந்தார். ஹனீன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். அர்ஃபானின் சட்டை முழுக்க வியர்வை.

"அம்மாதான் வேணும்னுட்டா லா. இந்தா, பிடி" என்று நின்றவாக்கில் நீட்டினான்.

அறையில் நாற்காலி இல்லை. சாயிரா பின்வாங்கினாள். முதுகு சுவரில் இடித்தது.

"வேணாங்க. போட்டுருவேன்."

"என்ன விளையாட்டு இது? புள்ள அழுவுது."

"ஏற்கெனவே ஒருதடவ கீழ போட்டிருப்பேன்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "பாத்ரூம்ல. தலை தரையில பட இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லல."

அர்ஃபான் குழந்தையை நெஞ்சோடு இறுக்கினான். அந்த அணைப்பை அவள் கண்டாள். தன்னிடமிருந்து குழந்தையைக் காப்பதுபோல் அது இருந்தது. அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மெதுவாகக் கையைத் தளர்த்தினான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீயெல்லாம் ஒரு தாயான்னு கேப்பீங்களோன்னு பயந்துட்டேன்."

"பைத்தியம்" என்றான்.

ஆனி விரிப்பைக் காட்டினார். "சாயிரா, மண்டி போடுங்க. ஒரு கால முன்னாடி வைங்க. சார், நீங்களும் எதிர்ல உக்காருங்க. பிள்ளைய அவங்ககிட்ட குடுத்துட்டும் கைய எடுக்காதீங்க, பிள்ளைக்கு அடியிலயே வச்சிருங்க."

ஹனீனின் ஏழு கிலோவும் அவள் கைக்கு வந்தன. குழந்தை அவள் தோளில் முகத்தைத் தேய்த்தது. குளியலறைத் தரை கண்முன் வந்தது.

"மூச்ச விட்டுட்டே எந்திரிங்க."

விட்டாள். அடிவயிறு, தயங்கித் தயங்கி, உள்ளே ஒதுங்கியது. எழுந்தாள். அர்ஃபானும் கைகளைத் தாழ்வாக ஏந்தியபடி கூடவே எழுந்தான். நின்றாள். அழுகை விக்கலாகத் தேய்ந்தது. அரை நிமிடம் இருக்கும். பிறகு இடுப்பில் ஒரு சோர்வு தெரிந்தது. அந்த வெறுமை வருவதற்கு வெகுமுன்பே அவள் அதை உணர்ந்தாள்.

"இப்ப வாங்கிக்குங்க" என்றாள்.

அவன் வாங்கிக்கொண்டான். "இன்னும் ஒரு வாரம் லீவு கேட்டுப் பாக்குறேன்."

"கேளுங்க. பத்தலன்னா அதையும் சொல்றேன்."

அவன் குழந்தையோடு முன்னே இறங்கினான். அவிழ்த்த துணியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, சாயிரா சுவரில் கை வைத்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சை விட்டபடி பின்னால் இறங்கினாள்.