ஐந்து இருபதுக்கு வந்த பஸ்

ஹரீஷ்குமாரை நான் மன்னிக்கப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓசூரில் எங்கள் கம்பெனி, தொழிற்சாலைகளுக்கு வருகைப் பதிவு மென்பொருள் செய்கிறது. தொழிலாளி இயந்திரத்தில் முகம் காட்டினால் வந்ததாகப் பதிவாகும். ஹரீஷ்குமார் டீம் லீடர், நான் அதைச் சோதிக்கும் டெஸ்டர். நான் எழுதிய ஒரு டெஸ்ட் மூன்று மாதமாக முரண்டு பிடித்தது. ஆபீசில் இருக்கும் விண்டோஸ் கணினிகளில் ஒருநாளும் தோற்காது. லினக்ஸ் சர்வரில், விடியற்காலையில் நாளுக்கு ஒரு நேரத்தில் தானாக ஓடும்போது, சில நாள் தேறிப் பச்சை, சில நாள் தோற்றுச் சிவப்பு. சிவப்பு விழுந்தால் ஹரீஷ்குமார் ஒன்பதரைக்கு வந்து, காபியை வைத்துவிட்டு, மறுபடி ஓட்டுவார். பச்சை வந்துவிடும்.

"பொற்கொடி டெஸ்டு பொற்கொடி மாதிரியேதான். மூடு இருந்தாத்தான் வேலை செய்யும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

அதையாவது விட்டுவிடலாம். இந்த மென்பொருளை முன்னோட்டமாகப் போட்டிருந்த தொழிற்சாலையில் என் அக்கா பிரவீனா ஒப்பந்த வேலை செய்தாள். ஒரே மாதத்தில் மூன்று ஆப்சென்ட் என்று நிறுத்திவிட்டார்கள். அவள் ஒருநாள்கூட லீவு போடவில்லை. சொல்லாமல் நின்றுவிடுகிறவள் என்று பெயர் கெட்டதில் வேறு எங்கும் சேர்க்கவில்லை. ஹரீஷ்குமாரிடம் போய் நின்றேன்.

"உங்க அக்கா பொய் சொல்லலாம் பொற்கொடி. சிஸ்டம் பொய் சொல்லாது" என்றார்.

வெள்ளிக்கிழமை ரிலீஸ். அது முடிந்தால் இந்த மென்பொருள் இன்னும் ஆறு தொழிற்சாலைகளுக்குப் போகும். நான்கு நாள் முன்னால் அக்கா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "வேப்பனப்பள்ளி பஸ்ஸு சீக்கிரமா போன நாளா பாத்துத்தான்டி எனக்கு ஆப்சென்ட்டு உழுந்திருக்குது. மத்தவங்க டீ குடிச்சிட்டு மொகத்தக் காட்டுவாங்க. நான் எறங்கன ஒடனே காட்டிருவன்."

தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கும் எல்லப்பன் எங்கள் ஊர்க்காரர். பஸ் நுழையும் நேரத்தை நோட்டில் எழுதுகிறவர். அதை வாங்கிப் பார்த்தேன்; அந்த மூன்று நாளும் பஸ் ஐந்து இருபதை ஒட்டி வந்திருந்தது. என் டெஸ்ட் சிவப்பான நாட்களைத் தேடினேன். எல்லாமே ஐந்தரைக்கு முன்னால் ஓடியவை. சர்வரின் கடிகாரம் லண்டன் பக்கத்து நேரத்தில் இருந்தது. நமக்குக் காலை ஐந்தரை ஆகும்வரை அதற்கு நேற்றுதான். தேதியை நம் நேரத்துக்கு மாற்றாமல் விட்டது ஹரீஷ்குமார் எழுதிய நிரல் வரி. முந்தி வந்தவளுக்கு ஆப்சென்ட், டீ குடித்துவிட்டு வந்தவர்களுக்கு ஆஜர்.

அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் சிரித்தவருக்கு நாலு பேர் முன்னால்தான் திருப்பித் தர வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்துக்குத் தொழிற்சாலை மேலாளர் சென்னகிருஷ்ணன் வந்தார். அக்காவை நிறுத்தியவர் அவர்தான். செய்து காட்டுவதற்கான டெமோ சர்வரில் கடிகாரத்தை நம் நேரப்படி அன்று விடியற்காலை ஐந்து இருபதுக்குத் திருப்பி வைத்திருந்தேன்.

"சார், நீங்களே முகம் காட்டுங்க" என்று ஹரீஷ்குமாரைக் கூப்பிட்டேன். தலையைக் கோதிக்கொண்டு வந்து நின்றார்.

திரையில் விழுந்தது: ஹரீஷ்குமார், இன்று, ஆப்சென்ட்.

"இப்பத்தானே காட்டினேன்? எல்லாரும் பாத்தீங்கல்ல?"

"நீங்க பொய் சொல்லலாம் சார். சிஸ்டம் பொய் சொல்லாது."

சொல்லும்போது வாயெல்லாம் இனித்தது. பிறகு கடிகாரத்தை ஏன் திருப்பினேன், அக்காவை எதற்காக நிறுத்தினார்கள் என்று சொல்லி, எல்லப்பனின் நோட்டுப் பக்கங்களையும் சிவப்பு விழுந்த நாட்களையும் காட்டினேன். ஹரீஷ்குமார் தன் வரியைத் தானே பெரிய திரையில் படிக்க வேண்டியிருந்தது. ரிலீஸ் நின்றது.

சென்னகிருஷ்ணன் நோட்டில் அந்த மூன்று தேதிகளையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, "அந்தப் பொண்ணுக்குப் போன் போடும்மா" என்றார். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"தப்பு எங்களோடதும்மா. மூணு ஆப்சென்ட்டையும் எடுத்துடறோம். திங்கக்கெழம வேலைக்கு வந்துரு."

அக்கா குரல் ஸ்பீக்கரில் வந்தது: "வரன் சார். அன்னிக்கும் பஸ்ஸு சீக்கிரமா வந்துட்டா?"

போனை ஹரீஷ்குமார் பக்கம் நகர்த்தினேன்.

"எங்க அக்கா கேக்கறாங்க சார். பதில் சொல்லுங்க."