குழிக்குள் ஒரு கறுப்புக் கோடு

"முழங்கால் ஆழம் வந்தாச்சு சாகிப்," என்று மண்வெட்டியை நிறுத்தினான் இத்ரிஸ்.

ஜொபேதாவின் கடலைக் கொடிகளுக்கு நடுவே வெட்டிய குழி. நாலு வருஷம் முன்னே ஜமுனா ஆறு எழுப்பிவிட்ட திட்டு அது. புது மண் என்றால் சர்க்கார் நிலம், பயிர் வைத்த ஜொபேதாவுக்குப் பட்டா. ஆறு விழுங்கிய பழைய நிலமே மேலே வந்திருந்தால், அதன் முந்தைய சொந்தக்காரர், ஊர்ப் பெரியவர் ஹாஷேம் மாத்பருக்கு. அவருடைய ஆட்கள் ஏழு பேர் தடியோடு குழியைச் சுற்றி நின்றார்கள்.

மண் ஆய்வாளர் தொஃபசல் குனிந்தார். குழியின் அடியில், வெளிர் வண்டலுக்குக் கீழே, விரல் கனத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு.

"எங்க வாப்பா உழுத மண்ணு," என்றார் மாத்பர். "வாசனையே சொல்லுதே."

"அவர் போட்ட வெத்தலை வாசனையும் வருதா சாச்சா?" என்றாள் ஜொபேதா.

தடிக்காரன் ஒருவன் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"புது மண்ணுல இப்படிக் கறுப்பு கட்டாதும்மா," தொஃபசல் பேனாவைத் திறந்தார். "மக்கி மேல்மண்ணாக ரொம்ப வருஷம் ஆகும்."

பழைய மண் என்று அவர் எழுதிவிட்டால் இன்றைக்கே கொடியைப் பிடுங்குவார்கள். சட்டென்று ஜொபேதாவுக்கு நாணல் ஞாபகம் வந்தது.

"அது மக்குன மண்ணு இல்ல சாகிப், கரி. முந்தின வருஷம் இங்க நாணலைக் கொளுத்தினேன். அப்புறம் வெள்ளம் வந்து மேல வண்டலைப் போட்டுட்டுப் போச்சு."

"நல்லா கதை கட்டுறா," என்றார் மாத்பர்.

"கதையான்னு கீழ பாத்தா தெரியும். இன்னும் ஒரு முழம் வெட்டச் சொல்லுங்க."

இத்ரிஸ் மாத்பர் முகத்தைப் பார்த்தான். "கை வலிக்குது சாகிப்," என்று மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டான்.

ஜொபேதா குழிக்குள் குதித்தாள். அவள் குனிந்தபோது ஒரு தடி, தலைக்கு ஒரு சாண் மேலே, குழியின் விளிம்பில் வந்து ஊன்றியது. அவள் நிமிரவில்லை. வெட்டிக்கொண்டே இருந்தாள்.

"நிறுத்தும்மா," என்று தொஃபசலும் உள்ளே இறங்கினார். கத்தியால் குழிச்சுவரைச் சீவினார். கறுப்புக்குக் கீழே மணல், வண்டல், மணல், வண்டல். தாள் தாளாக, ஒன்றும் கலையாமல்.

"ஏர் பட்டிருந்தா இது கலைஞ்சிருக்கும்," என்றார். "புழுகூட இன்னும் துளை போடல." கறுப்பிலிருந்து பாதி வெந்த நாணல் கணு ஒன்றைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார். பிறகு எழுதினார்.

"என்ன எழுதுறீங்க?" என்றார் மாத்பர்.

"என்டிசால்னு. இன்னும் மண்ணாகாத புது மண்ணு. உங்க வாப்பா இதைப் பாத்திருக்க முடியாது."

"மண்ணாகாததுக்கு எதுக்குப் பட்டா? அடுத்த வெள்ளத்துல போயிடும்."

"போறப்ப போகட்டும் சாச்சா. இப்ப உங்க ஆளுங்களைக் கொடிய மிதிக்காம நடக்கச் சொல்லுங்க."

விளிம்பில் ஊன்றிய தடி விலகியது.

"ரேகை வைக்கணுமேம்மா. மை டப்பா படகுல இருக்கு," என்றார் தொஃபசல்.

"மை எதுக்கு?" நாணல் கணுவைக் கட்டைவிரலால் நசுக்கி, அந்தக் கரியோடு காகிதத்தில் அழுத்தினாள் ஜொபேதா.