வடிக்காத பம்பு

நான் பொய் சொல்வதில் கெட்டிக்காரன் இல்லை. சின்னப் பொய்தான் சொல்வேன், அதிலும் மாட்டிக்கொள்வேன். போன தை மாதம் ஒரு சாயங்காலம் நான் சொன்ன பொய் ஒரே ஒரு வார்த்தை.

"பம்புல தண்ணிய வடிச்சிட்டீங்களா? வானத்துல மேகமே இல்ல, ராத்திரி பனி விழும்" என்று என் மனைவி நிலக்ஷி அடுப்படியிலிருந்து கேட்டாள். என் கையில் போன். போனில் கிரிக்கெட், கடைசி மூன்று ஓவர். பொண்டாட்டிக்குப் பதிலும் சொல்ல வேண்டும், பந்தையும் பார்க்க வேண்டும்.

"வடிச்சாச்சு" என்றேன்.

கந்தப்பளையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால், பள்ளத்தில், அரை ஏக்கர் உருளைக்கிழங்கு போட்டிருந்தோம். அவள் கொழுந்து பறித்துவிட்டு வந்து களை எடுப்பாள். நான் பஜாரில் மூட்டை இறக்கிவிட்டு வந்து மருந்து அடிப்பேன். மருந்தடிக்கிற மெஷின் எங்கள் சொந்தம். சின்ன என்ஜின், பக்கத்தில் பம்பு. பம்புக்குள் உள்ளங்கை அகலத்தில் இரண்டு ரப்பர் தகடுகள். அவைதான் முன்னும் பின்னும் அசைந்து தண்ணீரை இழுத்துத் தள்ளும். வேலை முடிந்ததும் அடியில் இருக்கிற திருகைக் கழற்றி, உள்ளே நிற்கிற தண்ணீரை வடித்துவிட வேண்டும். உள்ளே ஐஸ் கட்டியிருக்கும்போது என்ஜினை ஓட்டினால் ரப்பர் கிழிந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே செய்கிற தப்புக்கு எந்தச் சாமியிடமும் மன்னிப்புக் கேட்க முடியாது.

காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளை. பனி பிடித்த கிழங்குச் செடியை வெயில் ஏறும் முன்னால் தண்ணீர் அடித்துக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் இலை கருகிவிடும். கிழங்கு அப்போதுதான் திரண்டுகொண்டிருந்தது. இலை போனால் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிடும். பூவாளியால் அரை ஏக்கரைக் கழுவ முடியாது. மெஷின் ஓடியே ஆக வேண்டும்.

நிலக்ஷி எனக்கு முன்னால் ஓடிவிட்டாள். திருட்டுப் பயத்தில் வீட்டுக்குள் வைத்திருந்த குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் பள்ளத்தில் இறங்கினேன். அதற்குள் அவள் மெஷின்மேல் மூடிக் கிடந்த தார்ப்பாய்ப் படங்கை விலக்கி, ஒரு காலை ஊன்றி, என்ஜின் கயிற்றைப் பிடித்துவிட்டாள்.

"நல்ல வேளங்க, நேத்தே வடிச்சிட்டீங்க" என்றாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் உடனே கத்தவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா நின்றேன். இழுக்கட்டும், கிழிந்தால் பனியின் தலையில் போட்டுவிடலாம், எப்படியும் இழுத்தவள் அவள்தானே என்று என் மனசு சொன்னது. இவ்வளவு கேவலமான மனசை வைத்துக்கொண்டுதான் நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன்.

அவள் கையை இறுக்கினாள்.

"இழுக்காத! நா வடிக்கல!"

கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினாள். "வடிச்சாச்சுன்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

திட்டுவாள் என்று நின்றேன். அவள் மலை முகட்டைப் பார்த்தாள். வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. "அடுப்புல சுடுதண்ணி இருக்கு" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஓடினாள்.

"கொதிக்கக் கொதிக்க கொண்டாராத! வெதுவெதுப்பா இருந்தா போதும்!"

"அதெல்லாம் எனக்குத் தெரியும்! ஒங்களுக்குத்தான் வடிக்கத் தெரியல!"

பம்பின்மேல் சாக்கைச் சுற்றி, அவள் வாளியில் கொண்டுவந்த தண்ணீரைத் தேத்தண்ணிக் கேத்தலால் மொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பெல்ட் ஓடுகிற சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொரு கேத்தல் ஊற்றினேன். அப்போதும் அசையவில்லை. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஒரு இழுப்பு இழுத்துத்தான் பார்ப்போமே என்று கை பரபரத்தது.

பூவாளியோடு முதல் பாத்தியில் இறங்கியிருந்த நிலக்ஷி அங்கிருந்தே கத்தினாள். "கயித்தத் தொட்டீங்கன்னா தெரியும் சேதி!"

மூன்றாவது கேத்தலில் சக்கரம் கால் சுற்று நகர்ந்தது. உள்ளே நறநறவென்று சத்தம். மறுபடி ஊற்றினேன். அரைச் சுற்று, பிறகு முழுச் சுற்று. அடித் திருகைக் கழற்றினேன். ஐஸ் சில்லுகள் விழுந்தன, பின்னாலேயே தண்ணீர் வந்தது. கடைசிச் சில்லும் விழுகிற வரைக்கும் காத்திருந்து, திருகை மாட்டி, உறிஞ்சு குழாயை, மலையிலிருந்து ஓடி வருகிற பீலித் தண்ணீர் நிறைகிற பீப்பாயில் போட்டேன். கயிற்றை இழுத்தேன். என்ஜின் பிடித்தது.

ஆனால் அதோடு தப்பித்தோம் என்று ஆகாது. பம்பின் பக்கத்தில் எண்ணெய் தெரிகிற சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. ரப்பர் கிழிந்திருந்தால் தண்ணீர் கலந்து எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துப்போகும். பார்க்க எனக்குத் தைரியமில்லை. நிலக்ஷிதான் வந்து குனிந்தாள்.

"தேன் நெறமாத்தாங்க இருக்கு."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்குறேன். வெளுக்கல."

அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வருவது என்பார்களே, எனக்கு அது உட்கார்ந்த இடத்தில்தான் வந்தது. அவள் சிரித்துக்கொண்டே என் சட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அவள் குழாயை இழுத்துக்கொடுக்க, நான் பாத்தி பாத்தியாக அடித்தேன். வெள்ளை கரைந்து இலைகள் பச்சையாக வெளியே வந்தன. வெயில் எங்களை முந்தினது கடைசி நான்கு வரிசைகளில் மட்டும்தான். அவை போகட்டும். மீதி அத்தனையும் பிழைத்தது.

வரப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். நிலக்ஷி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ரப்பர் கிழிஞ்சிருந்தாக்கூட ரெண்டு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன். நீங்க மட்டும் வாயத் தொறக்காம நின்னிருந்தா, நாந்தான் இழுத்துக் கெடுத்தேன்னு சாகுற வரைக்கும் நெனச்சிருப்பேங்க."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நிக்கத்தான் பாத்தேன், நிலக்ஷி. ஒரு செக்கன் நின்னேன்."

அவள் கையெட்டுகிற செடியில் ஒரு இலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"அதுக்கு மேல நிக்கலதானே" என்றாள்.

கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் பார்க்கவே அழுதேன்.