வெறும் வயிற்றில் மூன்று கரண்டி

தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுநருக்கு வருடாந்திர உடல் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. போன வருடமே சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றிருந்தது. இந்த முறை தாண்டினால் வண்டியிலிருந்து இறக்கிப் பணிமனையில் போட்டுவிடுவார்கள். அப்புறம் காலம் முழுக்க அடுத்தவன் ஓட்டும் வண்டிக்கு டயரில் காற்றுப் பார்க்க வேண்டியதுதான். ஸ்டியரிங் இல்லாத கையை என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியாது. சோறு வரும்வரை தட்டைக்கூட இரண்டு கையாலும் பிடித்து லேசாகத் திருப்பிக்கொண்டிருப்பார்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவர் மனைவியின் தம்பி தேனைக் கண்டுபிடித்தான். தேனீக்கள் முந்திக்கொண்டதை அவன் பெரிதுபடுத்தவில்லை.

தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நகலெடுக்க வரும் தாள் எதுவானாலும், இயந்திரம் சூடாவதற்குள் ஒரு பக்கம் படித்துவிடுவான். மறுபக்கத்துக்குப் போவதற்குள் வாடிக்கையாளர் பிடுங்கிக்கொள்வார். இப்படிச் சேர்ந்த மருத்துவ அறிவுக்காகத் தெருவில் அவனுக்குப் 'பாதி டாக்டர்' என்று பெயர். அவன் அதைப் பட்டமாகவே வைத்துக்கொண்டான்.

"மாமா, சர்க்கரையை இன்னியோட தலைமுழுகுங்க. பதிலுக்குப் பச்சைத் தேன். காய்ச்சாதது, வடிகட்டாதது. கூட்டுலேர்ந்து நேரா வாய்க்கு. தினம் காலையில வெறும் வயித்துல மூணு கரண்டி."

"அதுவும் இனிக்குமே, மாப்ள."

"இனிக்கும். ஆனா அது வேற இனிப்பு. ஒடம்புக்கு வித்தியாசம் தெரியும்."

"என் ஒடம்புக்கு அவ்வளவு விவரம் பத்தாதேப்பா."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா தலையை நீட்டினாள். "டேய், முடி வளரும்னு இதே தேனை வழுக்கையில தடவிக்கிட்டியே, அது என்னாச்சு?"

முடிக்கு முன்னால் எறும்பு வந்ததுதான் நடந்தது.

"அசல் தேன்ல எறும்பு மொய்க்காதுன்னு வேற சொன்ன."

"எறும்பு தேனுக்கு வரலக்கா. என் மண்டைச் சூட்டுக்கு வந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் பாதி டாக்டர் பாட்டிலை மேசையில் வைத்தான். மேலே நுரையும் உள்ளே மெழுகுத் துணுக்குமாகப் பார்க்கவே மருந்து மாதிரிதான் இருந்தது. அந்தத் தோற்றத்தில்தான் ஓட்டுநர் விழுந்தார்.

மறுநாளிலிருந்து காபிக்குச் சர்க்கரை கிடையாது. "நான் சர்க்கரையை விட்டுட்டேன்" என்று பணிமனையில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் சொன்னார். காபியை எப்படிக் கசக்கக் கசக்கக் குடிக்கிறார் என்று சக ஓட்டுநர்கள் வியந்தார்கள். மூன்று கரண்டி தேன் உள்ளே போனவருக்குக் காபி கசந்தால் என்ன, கசக்காவிட்டால் என்ன.

பரிசோதனை நாள் வந்தது. ரத்தம் எடுக்கும் பெண் கேட்டாள். "வெறும் வயித்துலதானே வந்திருக்கீங்க?"

"ஆமாம்மா. பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படல."

அது சத்தியம். வழக்கமாக வெந்நீரில் கலக்குவதை, பரிசோதனை நாளாயிற்றே என்று அன்று தண்ணீர் இல்லாமல் கரண்டியிலேயே நக்கியிருந்தார்.

முடிவைப் பார்த்த தொழிற்சாலை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எண் எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல சார். தேன் மட்டும்தான்."

"தேனா?"

"மூணு கரண்டி. வெறும் வயித்துலதான் சாப்பிடணும்னு சொன்னாங்க. நீங்களும் வெறும் வயித்துல வரச் சொன்னீங்க. ரெண்டும் ஒத்துப்போச்சேன்னு…"

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "டீசல் போட்டுட்டு டேங்க் காலின்னு சொல்லுவீங்களா? தேனும் சர்க்கரைதாங்க. பூவெல்லாம் சுத்திட்டு வந்த சர்க்கரை. இருமலுக்கு ஒரு கரண்டின்னா சரி, உங்களுக்குத் தினமும் மூணா? இதை அப்படியே எழுதினா நாளைக்கே நீங்க பணிமனையில. இந்தப் பரிசோதனை செல்லாதுன்னு போடறேன். அடுத்த வாரம் நிஜமாவே வெறும் வயித்துல வாங்க. அதுக்கு மேல என்னால முடியாது."

வீட்டில் பாதி டாக்டர் கொதித்துப்போனான். நடுவில் இருமல் வேறு அவனை இழுத்தது. "அந்த ஆளுக்குத் தேனைப் பத்தி என்ன தெரியும்? மாமா, இப்ப நிறுத்தினா இதுவரைக்கும் உள்ள போனதெல்லாம் வீண்."

"உள்ள போனதுதான்டா பிரச்சினை," என்றாள் அக்கா. பாட்டிலைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஓட்டுநர் காபியை முதன்முறையாக உண்மையிலேயே கசக்கக் குடித்தார். மாலையில் வண்டியை விட்டு இறங்கியதும் தெருவைச் சுற்றி நடந்தார். கை மட்டும் திருப்பத்துக்குத் திருப்பம் தானாக வளைந்தது.

அடுத்த வாரம் எண் எல்லைக்கோட்டுக்குள் வந்தது. தாராளமாக இல்லை, பேருந்தைச் சந்துக்குள் திருப்புகிற மாதிரி இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு வந்தது. வந்தால் போதாதா. வண்டி அவரிடமே இருந்தது.

அன்று மாலை பாதி டாக்டர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரையும் கையோடு கூட்டி வந்திருந்தான்.

"நான் சொன்னேன்ல? தேன் ஒடனே வேலை செய்யாது. உள்ள போய் ஊறணும். ஊறி முடிஞ்சதும் சர்க்கரை எப்படி இறங்கிச்சு பாத்தீங்களா? இதை அந்த மருத்துவர் ஒத்துக்கமாட்டார். அவருக்குத் தொழில் போயிடும். மாமா, இனிமே அஞ்சு கரண்டி…" இருமல் குறுக்கே வந்தது.

ஓட்டுநரின் கை ஸ்டியரிங்கைத் தேடுவதுபோல் நாற்காலியின் பிடியை இறுக்கியது. அக்கா எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தாள். பூட்டிய இடத்தில் தேன் மணல் மணலாக இறுகிப் போயிருந்தது. பெரிய கரண்டியால் சுரண்டிக் குவியலாக எடுத்து வந்தாள்.

"வாயைத் தொற."

"எதுக்குக்கா?"

"ஒரு வாரமா இருமுற. தொண்டைக்கு நல்லதாம். அந்த டாக்டரே சொன்னாராம்."

தேனை வேண்டாமென்று சொல்ல அவனால் முடியுமா, அதுவும் இரண்டு சாட்சிகள் முன்னால். திறந்தான். கரண்டி உள்ளே போய்க் காலியாக வெளியே வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் கையை ஆட்டினான், கண்ணை உருட்டினான், சத்தம் மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சற்று நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

வீட்டில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. ஓட்டுநர் கையைத் தளர்த்திச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மாப்ள சொன்னது சரிதான்," என்றார். "தேன்ல என்னமோ இருக்கு."

அக்கா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பத்திரமாக மூடி வைத்தாள்.